தோரே தோற்றுப்போகும் பிறந்தநாள்

2014இல் டென்மார்க்கின் லோலன் தீவில், கோபெலோ என்ற ஊருக்கு அருகே, உலோகம் காட்டும் கருவியோடு வயலைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. கழுத்தில் கோத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு சுத்தியல், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இத்தகைய பதக்கங்கள் வட ஐரோப்பாவில் ஏறக்குறைய ஆயிரம் கிடைத்திருக்கின்றன. ஆனால் இதில் எழுத்தும் இருந்தது. அறிஞர்கள் அதைப் படித்தார்கள்: ‘இது சுத்தியல்’.

பார்த்தாலே தெரியாதா என்று கேட்கத் தோன்றும். ஏழு வயதுப் பிள்ளை அட்டையில் எதையோ வெட்டி, அது வேறு எதையோ போல வந்துவிட, சண்டை வேண்டாமென்று மேலே பெயரையும் எழுதிவைக்குமே, அதே வேலைதான். இடி தெய்வமான தோரின் சுத்தியலை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மனிதர்கள் இவ்வளவு பிரியத்தோடு கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகள் பிறந்தநாளுக்கு அதைக் கேட்பதில் வியப்பில்லை.

கேட்கும் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். 1962இல் மார்வெல் நிறுவனத்தின் படக்கதையில் நுழைந்த தோர், பிறகு சினிமாவில் வந்து உலகம் முழுக்கப் பிள்ளைகளின் சட்டையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் குடியேறிவிட்டார். பெற்றோர் கடைக்குப் போனால் பிளாஸ்டிக் கொம்புத் தொப்பி, பிளாஸ்டிக் வாள், கப்பல் படம் போட்ட காகிதத் தட்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வாங்கி மாட்டிவிடலாம். அரைமணி நேரத்தில் தொப்பி மூலையில் கிடக்கும், வாளால் ஒருவன் இன்னொருவனை அடித்திருப்பான். தோர் வரும் நார்ஸ் (பழைய ஸ்கண்டிநேவிய) புராணத்தை வைத்து விழா நடத்தப் பொருள்களை விடக் கதைகளே அதிகம் உதவும். அதிலும் ஒரு கதை, கிட்டத்தட்ட விழா நிகழ்ச்சி நிரலாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை நம் கைக்கு வந்தது ஐஸ்லாந்து வழியாக. ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற கவிஞர், அரசியலில் ஊறியவர், 1220 வாக்கில் ‘எட்டா’ என்ற நூலை எழுதினார். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. பழைய தெய்வக் கதைகள் தெரியாவிட்டால் பழைய கவிதைகள் புரியாமல் போய்விடுமே என்ற கவலையில் எழுதியவர், சிரிக்கச் சிரிக்க எழுதினார். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் தோலில் எழுதப்பட்ட ‘கோடெக்ஸ் ரெகியஸ்’ என்ற சுவடியில் இதே தெய்வங்களைப் பற்றிய பாடல்கள் உள்ளன. 1662இல் டென்மார்க் மன்னருக்குப் போன அந்தச் சுவடி, 1971 ஏப்ரலில் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தபோது ரேக்யவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. அந்த நாட்டில் இன்றும் பழைய தெய்வங்களை வழிபடுவோர் உண்டு; அவர்களின் சங்கத்துக்கு 1973இல் அரசு அங்கீகாரமும் கிடைத்தது. ஆகவே விளையாடலாம், சிரிக்கலாம், ஏளனம் மட்டும் வேண்டாம். ஸ்னோரியே அப்படித்தான் செய்தார்.

இனி அந்தக் கதை. தோர், குறும்புக்காரன் லோகி, தியால்ஃபி என்ற பையன், அவன் தங்கை ரொஸ்க்வா ஆகியோர் அரக்கர் நாட்டுக்குப் புறப்படுகிறார்கள். உட்கார்டு என்ற கோட்டையின் அரசன் இவர்களை ஏற இறங்கப் பார்த்து, “ஏதாவது ஒரு வித்தை தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே இடம்” என்கிறான். ‘நான் வேகமாகச் சாப்பிடுவேன்’ என்று லோகி முன்வருகிறான். தொட்டி நிறைய இறைச்சி. லோகி ஒரு முனையிலிருந்து, அரக்கர் பக்கத்து லோகி என்பவன் மறு முனையிலிருந்து. பெயர் ஒன்று போலக் கேட்டாலும் ஆள் வேறு. இருவரும் நடுவில் சந்திக்கிறார்கள். நம் லோகி இறைச்சியை மட்டும் தின்றிருக்கிறான். எதிராளியோ எலும்பையும் தொட்டியையும் சேர்த்து விழுங்கிவிட்டான். தியால்ஃபி ஓட்டப் பந்தயத்தில் ஹூகி என்ற சிறுவனிடம் மூன்று முறை தோற்கிறான். தோர் ஒரு கொம்புக் கிண்ணத்திலிருந்து மூன்று மடக்குக் குடிக்கிறார். கிண்ணத்தில் பெரிதாகக் குறைந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கப் பார்க்கிறார்; ஒரே ஒரு பாதம்தான் தரையை விட்டு எழும்புகிறது. கடைசியில் ஒரு கிழவியோடு மல்லுக்கு நிற்கிறார். ஒரு முழங்கால் மடங்கி விடுகிறது.

மறுநாள் கோட்டைக்கு வெளியே அரசன் உண்மையைச் சொல்கிறான். லோகியோடு தின்றது நெருப்பு. தியால்ஃபியோடு ஓடியது எண்ணம். கொம்பின் மறு முனை கடலுக்குள் இருந்தது; தோர் குடித்ததில் கடல் பின்வாங்கியதைத்தான் மனிதர்கள் வற்றம் என்கிறார்கள். பூனை என்று தூக்கியது உலகையே சுற்றிக் கிடக்கும் பாம்பு. கிழவி, முதுமை.

பிள்ளைகள் விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். பிறந்தநாள் விழாக்களில் கண்ணீர் வருவது பெரும்பாலும் போட்டியில்தான். இசை நாற்காலியில் முதலில் வெளியேறும் பிள்ளை சுவரோரம் நின்று உதட்டைப் பிதுக்கும். ஜெயித்த பிள்ளை எல்லாரையும் சீண்டும். நார்வே, ஸ்வீடன் பள்ளிகளில் சிலரை மட்டும் அழைத்துச் சிலரை விட்டுவிடுவதை விரும்புவதில்லை. முழு வகுப்பையும், அல்லது ஆண்பிள்ளைகள் எல்லாரையும், பெண்பிள்ளைகள் எல்லாரையும் என்று அழைப்பது வழக்கம். வீடு நிறையப் பிள்ளைகள் சேர்ந்துவிடும்போது வெளியேற்றும் விளையாட்டு வைத்தால் பாதி நேரம் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். உட்கார்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. எல்லாரும் தோற்கிறார்கள். பலசாலி தோரே தோற்கிறார். தோற்றதற்கான காரணம் மட்டும் கடைசி வரை ரகசியம்.

ஐந்து போட்டிகளையும் ஒரு தோட்டத்தில் அமைத்துவிடலாம். சாப்பாட்டுப் போட்டியை மட்டும் அப்படியே எடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் அவசரமாக விழுங்கினால் தொண்டையில் சிக்கும். நீண்ட தட்டில் பஞ்சு உருண்டைகளைப் பரப்பி, இரண்டு முனையிலிருந்தும் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போடச் சொல்லலாம். ‘நெருப்பு’ வேடம் போட்ட பெரியவர் கடைசியில் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். அந்த இடத்தில் எழும் கூச்சல் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

எண்ணத்தோடு ஓடும் பந்தயத்துக்குச் செலவே இல்லை. ஒரு பிள்ளை மரம் வரை ஓடித் திரும்ப வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓடியவன் மூச்சு வாங்கத் திரும்பும்போது “நாங்க அப்பவே போயிட்டு வந்துட்டோம்!” என்று எல்லாரும் கத்துவார்கள். என்ன சூழ்ச்சி என்று சில பிள்ளைகள் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் காதில் மெல்ல, வாயைத் திறக்காதே என்று சொல்லிவைக்க வேண்டும்.

கொம்புப் போட்டிக்கு ஒரு பெரிய வாளி, ஆளுக்கொரு நுரைப்பஞ்சு. வாளித் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்து இன்னொரு பாத்திரத்தில் பிழிந்து, வாளியைக் காலி செய்ய வேண்டும். வாளிக்குப் பின்னால் ஒரு போர்வை தொங்குகிறது. அதற்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாய் வாளிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் சத்தம் வராது. பிள்ளைகள் நனைவார்கள் என்பதால் கோடைக்கே ஏற்றது.

பூனைதான் அதிக வேலை வாங்கும், அதிகம் ரசிக்கவும் வைக்கும். ஒரு சாம்பல் நிறப் பொம்மைப் பூனை. அதன் வயிற்றோடு பழைய காலுறைகளை ஒன்றோடொன்று தைத்து, செய்தித்தாளைக் கசக்கி அடைத்துச் செய்த பாம்பு. பூனை மேசை மேல் உட்கார்ந்திருக்கும். பாம்பு மேசைவிரிப்புக்குள் இறங்கி, சோபாவுக்கு அடியில் புகுந்து, அடுத்த அறைக் கட்டிலின் கால்களைச் சுற்றிக் கிடக்கும். பூனையைத் தூக்கச் சொன்னால் கொஞ்சம்தான் எழும்பும். எல்லாப் பிள்ளைகளும் தோற்ற பிறகு, உண்மை சொல்லும் நேரத்தில், மேசைவிரிப்பை விலக்கிவிட்டுச் சேர்ந்து இழுக்கவிட வேண்டும். பாம்பு வர வர வந்துகொண்டே இருக்கும். காலுறை போதாவிட்டால் பழைய போர்வையைக் கிழித்துச் சேர்க்கலாம், பாம்பு நீளமாக இருப்பதுதான் முக்கியம்.

முதுமையோடு மல்யுத்தம் செய்ய வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் போதும். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி கை மடக்கும் போட்டியில் எல்லாரையும் சாய்ப்பார். பாட்டி இல்லாத வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் போட்டி. யாராக இருந்தாலும் கடைசியில் கால் தரைக்கு வந்தே தீரும். தோரும் ஒரு முழங்காலில்தானே விழுந்தார்?

தோரை இன்னொரு கதையிலும் பாம்பு ஏய்க்கிறது. ஹிமிர் என்ற அரக்கனோடு படகில் போய், எருதின் தலையைத் தூண்டிலில் மாட்டி, தோர் அதே உலகப் பாம்பைப் பிடிக்கிறார். இழுத்த வேகத்தில் கால்கள் படகின் அடிப்பலகையைத் துளைத்துக் கடலடியில் ஊன்றின என்கிறார் ஸ்னோரி. ஸ்வீடனில் அல்டுனா என்ற இடத்து நடுகல்லில் இந்தக் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். படகுக்குக் கீழே தோரின் பாதம் நீட்டிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரியும். பாம்பு கைக்கு வரும் நேரத்தில், பயந்துபோன ஹிமிர் கயிற்றை அறுத்துவிடுகிறான். இதற்கும் ஸ்கண்டிநேவியாவில் ஆயத்தமாக ஒரு விளையாட்டு இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் ‘ஃபிஸ்க்டம்’ என்கிறார்கள், மீன்குளம். ஒரு போர்வையைக் குறுக்கே கட்டி, பிள்ளை அந்தப் பக்கம் தூண்டிலை வீசும். மறைந்திருக்கும் பெரியவர் கொக்கியில் மிட்டாய்ப் பையை மாட்டி இரண்டு முறை சுண்டுவார். பிறந்தநாள் முடிந்து பிள்ளைகளுக்குப் பரிசுப்பை கொடுப்பது இப்படித்தான். நார்ஸ் விழாவில் போர்வை மேல் ஒரு பாம்பை வரைந்துவிட்டால் போதும். பாம்பே அகப்படவில்லையே என்று கேட்கும் பிள்ளைக்கு ஹிமிர் கயிற்றை அறுத்த கதையைச் சொல்லலாம்.

கைவேலையில் முதலிடம் சுத்தியலுக்குத்தான். இதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு, வெட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆறுதலான கதை. ப்ரோக்கர், சிந்திரி என்ற குள்ளச் சகோதரர்கள் தோரின் சுத்தியலை வார்க்கும்போது, தன்னோடு கட்டிய பந்தயத்தில் அவர்களைத் தோற்கடிக்க லோகி ஈயாக மாறி வந்து கடிக்கிறான். துருத்தி ஊதிக்கொண்டிருந்த ப்ரோக்கர் கண்ணில் ரத்தம் வழிய, ஒரு கணம் கையை எடுத்துவிட்டார். அதனால் சுத்தியலின் பிடி குட்டையாகப் போனது. ஆகவே அட்டைச் சுத்தியலின் பிடி கோணலாகவோ குட்டையாகவோ வந்தால் திருத்த வேண்டாம், அதுதான் அசல். கோபெலோ ஆளைப் போல மேலே ‘இது சுத்தியல்’ என்று எழுதிக்கொள்ளலாம். அதே பந்தயத்தில் தெய்வங்களுக்குக் கிடைத்த இன்னொரு பொருள் ஸ்கித்பிளாத்னிர் என்ற கப்பல். தெய்வங்கள் எல்லாரும் ஆயுதங்களோடு ஏறினாலும் இடம் இருக்கும். வேலை முடிந்ததும் துணியாக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். காகிதக் கப்பல் செய்யத் தெரிந்த யாரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

தலைக்கு என்ன? கொம்பு வைத்த தொப்பி, தோரை வழிபட்ட வைக்கிங்குகளுடையது அல்ல. 1876இல் பைரோய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் பாத்திரங்களுக்குக் கொம்பும் இறகும் வைத்தார், உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. டென்மார்க்கின் வெக்ஸோவில் 1942இல் கொம்புத் தலைக்கவசங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அவை வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை. நிஜமான வைக்கிங் தலைக்கவசம் ஒன்று 1943இல் நார்வேயின் யெர்முண்ட்புவில் துண்டுதுண்டாகக் கிடைத்தது. உருண்டையான இரும்புத் தொப்பி, கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு காப்பு. சாம்பல் நிறக் காகிதப் பட்டையும் ஒரு கண்ணாடிச் சட்டமும் இருந்தால் பிள்ளைகள் அதைச் செய்துவிடுவார்கள், கொம்பை விட மிரட்டலாகவும் இருக்கும். இரவல் கொம்போடு வந்து நிற்கும் விருந்தாளிப் பிள்ளைக்கு வாசலிலேயே வரலாறு சொல்லித் திருத்துவது மட்டும் கூடாது.

பெயர்ப்பலகையை வைக்கிங்குகளின் ரூன் எழுத்தில் எழுதலாம். மரத்தில் கீற வேண்டிய எழுத்து என்பதால் எல்லாம் நேர்க்கோடு, பிள்ளைகளுக்கு எளிது. பழைய வரிசையில் 24 எழுத்து இருந்தது, வைக்கிங் காலத்தில் 16 ஆகக் குறைந்தது. குறைந்த வரிசையில் க-வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும் ஒரே குறி, த, ப ஆகியவற்றுக்கும் அப்படியே. தமிழ் வாசித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கைபேசியில் இருக்கும் புளூடூத் சின்னமே இரண்டு ரூன்கள் ஒட்டியதுதான். டென்மார்க் மன்னர் ஹரால்டு புளூடூத்தின் பெயரெழுத்துகள். இதைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்பாவின் கைபேசியைத் தேடி ஓடுவார்கள்.

ரூனில் ஒரு விஷயத்தில் பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாஜிகள் இந்த எழுத்துகள் சிலவற்றைத் தங்கள் சின்னங்களாக்கிக்கொண்டார்கள். மின்னல் வடிவ ‘ஸ’ ரூன் இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் அது எஸ்.எஸ். படையின் முத்திரை, ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவது சட்டப்படி குற்றம். ஓடல் என்ற ரூனும் அப்படிக் கறைபட்டதே. கடையில் விற்கும் ஆயத்த ஒட்டுப்படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பெயரில் அந்த எழுத்து இரட்டித்து வந்தாலும் கவலையில்லை. ரூன் எழுதிய பழங்கால ஆட்கள் இரட்டை மெய்யைப் பெரும்பாலும் ஒரே முறைதான் கீறினார்கள்.

விருந்தில் இதுனின் ஆப்பிள் இல்லாமல் முடியாது. தெய்வங்கள் கிழடு தட்டாமல் இருப்பது இதுன் என்ற தேவி காத்துவரும் ஆப்பிளால்தான். பொன்னிறக் காகிதம் விரித்த கூடையில் ஆப்பிளை வைத்து, வந்திருக்கும் தாத்தாக்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லலாம். டென்மார்க்கில் பிள்ளைகள் முகாம்களில் சுடும் ‘ஸ்னோப்ரோ’ இந்த விழாவுக்கென்றே செய்தது போலிருக்கும்: புளித்த மாவைக் கயிறாகத் திரித்து ஒரு நீளக் குச்சியில் சுற்றி, தணலுக்கு மேலே திருப்பித் திருப்பி வாட்டுவது. குச்சியை உருவியதும் நடுவில் விழும் குழியில் பழக்கூழ் விட்டுக்கொள்ளலாம். கொழுந்து விடும் நெருப்பில் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும், தணலுக்காகப் பொறுத்திருக்க வேண்டும். தணலருகே ஒரு பெரியவர் நகராமல் நிற்கட்டும். தேன் மதுவுக்குப் பதில் ஆப்பிள் சாற்றில் கொஞ்சம் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. உருளைக்கிழங்கு வறுவலை வைக்கிங்குகள் கண்டதில்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து அந்தக் கிழங்கே ஐரோப்பாவுக்கு வர இன்னும் பல நூற்றாண்டு இருந்தது. ஆனாலும் மேசையில் வைக்கலாம், யாரும் வரலாற்று வழக்குப் போட மாட்டார்கள்.

எந்தக் கதை எந்த வயதுக்கு என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வேண்டும். மணப்பெண் வேடத்தில் போன தோர் விருந்தில் ஒரு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று தீர்க்கும் கதைக்கு ஐந்து வயதுப் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கும். நல்லவன் பால்டர் மிசில்டோ என்னும் ஒட்டுண்ணிச் செடியால் சாகும் கதையை அந்த வயதில் எடுக்க வேண்டாம். பிறந்தநாளில் யாரும் சாக வேண்டியதில்லை. ஒன்பது பத்து வயதுக்கு, தெய்வங்கள் ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டிய கயிற்றின் கதை. பூனை நடக்கும் ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறையும் கொண்டு திரித்தது அந்தக் கயிறு. இல்லாத பொருள்களாக ஆறு சொல்லு என்று பிள்ளைகளிடம் விட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கரடிக்கு நரம்பு உண்டே என்று ஒருவராவது ஆட்சேபிப்பார், அது நியாயம்தான். கதைகளை முன்கூட்டியே பழக்க, டென்மார்க்கில் பெட்டர் மாட்சன் 1979 முதல் வரைந்த ‘வல்ஹல்லா’ படக்கதை வரிசையும், 1986இல் அதிலிருந்து வந்த கார்ட்டூன் படமும் உண்டு. படத்தில் தியால்ஃபியும் ரொஸ்க்வாவும்தான் நாயகர்கள்.

இந்த அண்ணன் தங்கை எப்படித் தோரோடு சேர்ந்தார்கள் என்பது, விழா முடியும் நேரத்துக்கென்று எடுத்துவைக்க வேண்டிய கதை. உட்கார்டுக்குப் போகும் வழியில் தோர் ஒரு குடியானவன் வீட்டில் தங்குகிறார். தேர் இழுக்கும் தன் இரண்டு ஆடுகளையே அறுத்துச் சமைத்து எல்லாருக்கும் போடுகிறார். ஒரே நிபந்தனை: எலும்பு ஒன்றுகூட உடையாமல் ஆட்டுத்தோல் மேல் போட வேண்டும். காலையில் சுத்தியலைத் தூக்கி ஆசீர்வதித்தால் ஆடுகள் உயிரோடு எழுந்துவிடும். தியால்ஃபி மட்டும் மஜ்ஜைக்கு ஆசைப்பட்டு ஒரு தொடையெலும்பைப் பிளந்துவிட்டான். மறுநாள் ஒரு ஆடு நொண்டியது. தோரின் கோபத்தைத் தணிக்க அந்த வீட்டுக்காரர் தன் இரண்டு பிள்ளைகளையும் அவருக்கு வேலையாட்களாகக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தின் நடுவே ஒரு பழைய போர்வையை விரித்து, அதுதான் ஆட்டுத்தோல் என்று சொல்லிவிட வேண்டும். காகிதத் தட்டு, குவளை, ஆப்பிள் காம்பு, கிழிந்த கப்பல், சொதசொதத்த நுரைப்பஞ்சு எல்லாம் அதன் மேல் வந்து சேர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஆடு நொண்டும். பிள்ளைகள் புதருக்கு அடியிலெல்லாம் நுழைந்து தேடிக் கொண்டுவருவார்கள். பிறகு போர்வையின் நான்கு முனையையும் சேர்த்துக் கட்டினால் குப்பை மூட்டை தயார். யாருடைய குவளையாவது பிறகு செடிக்குப் பின்னால் அகப்பட்டால், அந்தப் பிள்ளைதான் தியால்ஃபி. மூட்டையைத் தெருமுனைத் தொட்டி வரை சுமப்பது அவன் பொறுப்பு, கூடப் போகத் தங்கையோ தோழியோ ஒரு ரொஸ்க்வா வேண்டும்.